கடனாளி படகு மாறினால் யாரைக் கேட்பது? வளைகுடா முத்துக் கடன் பற்றி ஓர் இழை

3 நவம்பர், காலை 9:20 (கேள்வி)

பஹ்ரைன் வந்து எட்டு மாதம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை முஹர்ரக் பழைய தெருக்களைச் சுற்றிப் பார்த்தேன். வழிகாட்டி சொன்னது இது: முத்துக் குளிக்கிறவன் சாகும்வரை கடன்காரன், செத்தால் அவன் மகன் கடன்காரன், பிரிட்டிஷ்காரர்கள் வந்துதான் அதை ஒழித்தார்கள். வெள்ளைக்காரன் கூலிக்காரனுக்குப் பரிந்து பேசினான் என்றாலே எனக்கு இடிக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 நவம்பர், இரவு 11:05

இடிக்கட்டும், நல்லதுதான். ஆனால் வழிகாட்டி பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார்.

நான் தலைநகர் மனாமாவில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். 2006இல் வந்தேன். இந்த முத்துக் கடன் எனக்கு ஒரு கிறுக்கு. பழைய இந்தியா ஆபீஸ் (லண்டனில் இருந்து இந்திய ஆட்சியைக் கவனித்த அலுவலகம்) கோப்புகளை பிரிட்டிஷ் நூலகமும் கத்தார்க்காரர்களும் சேர்ந்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். தூக்கம் வராத ராத்திரிகளில் அதைத்தான் புரட்டுவேன்.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். முத்துக் குளிப்பு கோடையில் நாலு மாதம், ஜூனில் தொடங்கி செப்டம்பர் கடைசிவரை. படகுத் தலைவன் நகுதா. மூக்கில் இடுக்கி மாட்டி, காலில் கல்லோடு இறங்குகிறவன் கைஸ். மேலே நின்று கயிறு இழுக்கிறவன் ஸைப். யாருக்கும் சம்பளம் கிடையாது. முத்து விற்ற பணத்தில் சாப்பாட்டுச் செலவும் படகின் பங்கும் போக மீதியைப் பிரிப்பார்கள். இறங்குகிறவனுக்கு மூன்று பங்கு என்றால் இழுக்கிறவனுக்கு இரண்டு.

அதுவரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அதற்குத்தான் முன்பணம். கடலுக்குப் போகும்முன் கொடுப்பது ஸலஃப். நடுவில் கைச்செலவுக்கு கர்ஜிய்யா. சீசன் முடிந்து குளிர்காலத்தை ஓட்டுவதற்கு தஸ்காம். பங்கு வரும்போது எல்லாவற்றையும் கழிப்பார்கள். கழித்து மிச்சம் வந்தால் அன்றைக்கு வீட்டில் பிரியாணி. வராவிட்டால் பாக்கித் தொகை அடுத்த வருஷக் கணக்கில் முதல் வரியாக ஏறும்.

வட்டி ஹராம். அதனால் வட்டி என்று யாரும் எழுதுவதில்லை. கடனுக்குக் கொடுக்கும் அரிசி மூட்டையின் விலையில் அது உட்கார்ந்திருக்கும்.

4 நவம்பர், காலை 7:30

"கடன்காரன் ஓடிப்போனால்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, துரைமார் உள்ளே நுழைந்ததே அந்த ஓட்டத்தால்தான். ஆபீஸ் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

4 நவம்பர், இரவு 10:50

துபாயில் கடன்பட்டவன் ராத்திரியோடு ராத்திரியாக ஷார்ஜாவுக்கு நடந்தே போய்விடலாம். அங்கே இன்னொரு நகுதா ஆள் தேடிக்கொண்டிருப்பான். மூச்சை அடக்கி நிற்கிற ஆள் கிடைப்பது அரிது. அந்த ஊர் ஷேக்குக்கும் படகுகள் நிறைந்தால்தான் வரி. ஆளைத் திருப்பி அனுப்ப அவருக்கு என்ன அவசரம்? இங்கே கடன் கொடுத்தவன் தன் ஷேக்கிடம் போய் அழுவான். அந்த ஷேக் பதிலுக்கு அந்த ஊர்க்காரன் படகைப் பிடித்து வைப்பார். இப்படி ஒரு குளிகாரனின் பாக்கியில் தொடங்கிக் கடல் சண்டைவரை போகும்.

பிரிட்டிஷ்காரர்களுக்குக் கடலில் சண்டை கூடாது. 1820இல் பொது ஒப்பந்தம், 1835இல் சீசன் காலத்துக்கு மட்டும் சண்டை நிறுத்தம், 1853இல் நிரந்தர நிறுத்தம் என்று படிப்படியாகக் கட்டி வைத்தது அது. சீசனுக்கு மட்டும் என்று 1835இல் போட்டார்களே, அந்தச் சீசன் முத்துச் சீசன்தான். இவ்வளவு கட்டி வைத்ததை ஓடிப்போன கடன்காரன் ஒருவன் ஓட்டை போட விடுவார்களா? அதனால்தான் 1879இல் கரையோர ஷேக்குகளை உட்கார வைத்துத் தனியாக ஒரு உடன்படிக்கை: கடனோடு ஓடி வந்தவனைத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் 50 டாலர் அபராதம், கடனுக்கும் அந்த ஷேக்கே பொறுப்பு. அவனை முத்துக் குளிக்கவே அனுப்பிவிட்டால் அபராதம் 100 டாலர்.

ஆக, கேள்வி கேட்ட தம்பிக்கு முதல் பதில்: துரைமார் முதலில் போட்ட சட்டம் கடன் கொடுத்தவன் பக்கம். ஓடுகிறவனைப் பிடித்துக் கொடுக்கிற சட்டம்.

5 நவம்பர், காலை 6:55

டாலர் என்றதும் அமெரிக்காவா என்று இரண்டு பேர். இல்லை. மரியா தெரசா வெள்ளி, ஆஸ்திரிய அம்மா படம் போட்டது. அரபிக்கரை முழுக்க அதுதான் ஓடியது. பிறகு நம்ம ரூபாய் வந்து உட்கார்ந்தது. 1960கள்வரை இங்கே ரூபாய்தான். வந்த புதிதில் ஒரு பஹ்ரைனிப் பெரியவர் என்னிடம் "அர்பஅ ஆனா" என்று சொல்லிச் சிரித்தார். நாலணா. எங்கள் வாப்பா சொல்லி நான் கேட்டது.

5 நவம்பர், இரவு 11:40

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது, பர்வா. ஒரு நகுதாவிடமிருந்து இன்னொரு நகுதாவிடம் மாற வேண்டுமானால் பழையவன் ஒரு சீட்டு தர வேண்டும். இன்னாருக்கு என்னிடம் இவ்வளவு பாக்கி, அல்லது பாக்கி இல்லை என்று. பாக்கி இருந்தால் புது நகுதா அதைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளலாம். சீட்டு இல்லாத ஆளை ஏற்றினால் தகராறு.

வளைகுடாவில் இருக்கிற நம்ம ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரிலீஸ். முதல் கம்பெனியில் எனக்கு ரிலீஸ் (வேலை மாற முதலாளி எழுதித் தருகிற சம்மதம்) கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. விசாவுக்கு ஏஜென்டிடம் கட்டிய பணம் ஊரில் உம்மாவின் வளையல். அந்தப் பதினான்கு மாதமும் மேனேஜர் மேசை இழுப்பறைக்குள் ஒரு காகிதம் கையெழுத்துக்குக் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டே வேலை பார்த்தேன். கடைசியில் அப்படி ஒரு காகிதமே தயாராகவில்லை என்று தெரிந்தது. கம்பெனி பேரெல்லாம் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

6 நவம்பர், மதியம் 1:15 (சாப்பாட்டு இடைவேளை)

நாகர்கோவில் அண்ணன் எழுதியிருக்கிறார்: "துரைமார் நடுநிலையாகத் தீர்த்தார்களா இல்லையா, அதைச் சொல்லுங்க. ரிலீஸ் கதை எங்களுக்கும் தெரியும்." சரிண்ணே.

துரை என்று நாம் நினைப்பது போலத் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் எல்லா ஊரிலும் இருக்கவில்லை. வளைகுடா முழுக்கப் பார்த்துக்கொண்ட பிரிட்டிஷ் பிரதிநிதி, பெரிய ரெசிடெண்ட், ஈரான் கரையில் புஷைரில் இருந்தார். அரபிக் கரையில் அவருக்குப் பதிலாக உள்ளூர் ஏஜென்ட். பஹ்ரைனில் 1900வரை அந்த வேலையை வியாபாரிகளே பார்த்தார்கள். கடைசியாக இருந்தவர் முஹம்மத் ரஹீம் ஸஃபர், பெரிய வணிகக் குடும்பம். ஷார்ஜாவில் 1930கள் தாண்டியும் அரபு ஏஜென்ட்கள்தான். ஈஸா பின் அப்துல் லத்தீப் அல் ஸர்கால் 1919 முதல் 1935வரை இருந்தார்.

இவர்களும் முத்து வியாபாரத்தில் இருந்தவர்கள். கடன் வழக்கில் எழுதி மேலே அனுப்புகிறவரும் கடன் கொடுக்கிற வட்டத்து ஆள். நடுநிலை எங்கே நிற்கும் என்று நீங்களே அளந்து பாருங்கள். அவர்கள் எல்லாம் அநியாயம் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ஊரில் யார் யாருக்கு என்ன தர வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். புஷைரில் உட்கார்ந்த துரைக்குத் தெரியாது. தெரிந்தவன் கட்சிக்காரன், கட்சி இல்லாதவனுக்கு ஒன்றும் தெரியாது. நம்ம ஊர் ஜமாஅத் பஞ்சாயத்திலும் இதேதான் கதை.

6 நவம்பர், இரவு 9:30

இன்னொன்று. கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் அரபிகள் இல்லை. சிந்து, கட்ச் பக்கத்து பனியாக்களும், அதாவது இந்து வணிகர்களும், இருந்தார்கள். அவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள், இல்லாவிட்டால் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தவர்கள். அவர்களுக்கு வர வேண்டிய பாக்கி என்றால் ஏஜென்சி தபால் கொஞ்சம் வேகமாகப் போகும், தேவைப்பட்டால் கரைக்கு எதிரே ஒரு போர்க்கப்பலும் வந்து நிற்கும். குளிகாரனுக்காகக் கப்பல் வந்ததாக நான் புரட்டிய கோப்பு எதிலும் இல்லை.

8 நவம்பர், வெள்ளி, காலை

இன்று லீவு. நிதானமாக எழுதுகிறேன்.

என் தாய்மாமா சங்கு குளித்தவர். கீழக்கரைப் பக்கம். முகக் கண்ணாடி, காலில் அலுமினியத் தட்டு, இடுப்பில் வலைப்பை. படகு முதலாளியான சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கித்தான் சீசன் தொடங்கும். சம்மாட்டி கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற நாற்பது பக்க நோட்டு ஒன்று. மாமாவுக்கு ஒரு பக்கம். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. பென்சிலில்தான் எழுதுவார். ஏன் பென்சில் என்று சின்ன வயதில் கேட்டேன். "மழையில நனைஞ்சா மை பரவிரும்டா" என்றார் மாமா. இப்போது கணக்கு எழுதுகிறவனாக யோசித்தால் பென்சிலுக்கு வேறு காரணமும் உண்டு.

நான் எட்டாவது படிக்கும்போது மாமா என்னை அழைத்துப்போய் அந்தப் பக்கத்தைக் கூட்டிப் பார்க்கச் சொன்னார். சம்மாட்டி சிரித்துக்கொண்டே நோட்டை நீட்டினார். கூட்டினேன். சரியாக இருந்தது. ஒரு ரூபாய்கூடத் தப்பில்லை. மாமா முகத்தில் ஏமாற்றம். அவர் நான் ஏதாவது கண்டுபிடிப்பேன் என்று நம்பித்தான் கூட்டிப்போயிருந்தார். தப்பு கூட்டலில் இல்லை. சங்குக்கு என்ன விலை போட்டார், அரிசிக்கு என்ன விலை போட்டார் என்பதில் இருந்தது. அது எட்டாம் வகுப்புக் கணக்கில் பிடிபடாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1920களில் பஹ்ரைனில் நடந்தது கிட்டத்தட்ட இந்தக் கூட்டிப் பார்க்கிற வேலை.

8 நவம்பர், மாலை 5:10

1921இலிருந்து 1926வரை பஹ்ரைனில் பொலிட்டிக்கல் ஏஜென்ட், அதாவது அங்கிருந்த பிரிட்டிஷ் பிரதிநிதி, மேஜர் டேலி. கறாரான ஆள். 1923இல் வயதான ஷேக் ஈஸாவை ஒதுக்கி, நிர்வாகத்தை மகன் ஹமத் கையில் கொடுக்க வைத்தார்கள். அதோடு முத்துக் குளிப்புக்கும் ஒழுங்குமுறை வந்தது. நகுதா கணக்கு வைக்க வேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் தனிப் புத்தகம், வாங்கியது கொடுத்தது எல்லாம் அதில் ஏற வேண்டும். அப்பன் கடனுக்கு மகனை இறக்கக் கூடாது. முன்பணம் எவ்வளவு என்று வருஷா வருஷம் அரசே நிர்ணயிக்கும்.

லோரிமர் என்ற அதிகாரி 1900களில் தொகுத்த விவரத்தில் பஹ்ரைனில் மட்டும் 917 முத்துப் படகுகள், பதினேழாயிரத்துச் சொச்சம் ஆட்கள். தீவின் மக்கள்தொகையே ஒரு லட்சத்தை ஒட்டித்தான். அத்தனை பேருக்கும் புத்தகம் என்றால் கற்பனை செய்து பாருங்கள். குளிகாரர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம். புத்தகத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தாலும் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று இன்னொருவனைத்தான் கேட்க வேண்டும். என் மாமா என்னைக் கேட்ட மாதிரி.

அதற்கும் முன்னால் தகராறு தீர்க்க ஒரு சபை உண்டு. ஸாலிஃபா. முத்துத் தொழில் வழக்கம் தெரிந்த பழைய நகுதாக்கள் உட்கார்ந்து தீர்ப்பது. கடலுக்குப் போனவர்களே நீதிபதி என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லாம் கடன் கொடுத்த தரப்பு. 1913இல் லண்டனில் போட்டு, 1919இல் இங்கே நடைமுறைக்கு வந்த ஆணை, இந்தச் சபையை விட்டுவைத்தது. நீதிபதி நியமனத்தில் ஏஜென்ட் சம்மதம் வேண்டும் என்று மட்டும் சேர்த்துக்கொண்டது. வியாபார வழக்குகளுக்கு மஜ்லிஸ் அல் உர்ஃப் என்று வேறொன்று, அதில் பாதி ஆட்கள் ஷேக் சொல்கிறவர்கள், பாதி ஏஜென்ட் சொல்கிறவர்கள்.

8 நவம்பர், இரவு 10:00

டேலி பற்றி எழுதியதும் "அப்ப அந்த ஆள் நல்லவர்தானே?" என்று கேள்வி கேட்ட தம்பி. அப்பன் கடனை மகன் தலையில் கட்டக் கூடாது என்றது நல்ல காரியம், சந்தேகமே இல்லை. நேற்றுவரை நான் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பேன். கணக்கு சரியானால் பாதித் தொல்லை தீரும் என்று நம்புகிற தொழில் என்னுடையது. ஆனால் காலையில் மாமா கதையை எழுதியபிறகு அப்படி நிறுத்த மனசு வரவில்லை. கலவரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாளை.

9 நவம்பர், இரவு 11:20

1926இல் சார்ல்ஸ் பெல்கிரேவ் வந்தார். லண்டன் டைம்ஸ் விளம்பரம் பார்த்து விண்ணப்பம் போட்டு வந்த அதிகாரி. அந்த வருஷக் கடைசியிலேயே முதல் ரகளை. குளிர்கால முன்பணத்தைக் குறைத்தார்கள், குளிகாரர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

துரைமார் தரப்பு நியாயம் இது: முன்பணம் குறைந்தால் கடன் குறையும், கடன் குறைந்தால் ஆள் விடுதலை. காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் குளிகாரன் வீட்டில் தஸ்காம் என்றால் ஆறு மாத அரிசி. அதைக் குறைத்துவிட்டு "உன் கடனைக் குறைத்திருக்கிறேன்" என்றால் கேட்பானா? கடன் நகுதா கொடுத்தபோது நகுதாவிடம் போய்க் கெஞ்சலாம், திட்டலாம், மகளுக்குக் கல்யாணம் என்று சொல்லிக் கூட நாலு ரூபாய் வாங்கலாம். தொகையை அரசு நிர்ணயித்தபிறகு நகுதா கையை விரித்துவிடுவான். "என்னிடம் பணம் இருக்கிறது, துரை கொடுக்க விடவில்லை." கோபம் அப்படியே நகர்ந்து அரசாங்க வாசலில் போய் நின்றது.

1932 மே மாதம் பெரிதாக வெடித்தது. அதற்குள் உலகச் சந்தை 1929இல் விழுந்திருந்தது, ஜப்பான்காரர் வளர்ப்பு முத்தும் கடைக்கு வந்துவிட்டது, பம்பாயில் வாங்க ஆளில்லை. முன்பணம் இன்னும் சுருங்கியது. ஒரு தலைவனைப் பிடித்து அடைத்தார்கள். முஹர்ரக்கிலிருந்து கூட்டம் படகேறி மனாமா வந்தது. இப்போது நாம் ஐந்து நிமிஷத்தில் காரில் தாண்டுகிற அந்தப் பாலம் அப்போது முடியவில்லை. காவல் நிலையத்தை உடைத்து ஆளை மீட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனது.

யாருடைய கடனைத் தீர்க்கப் புத்தகம் போட்டார்களோ அவர்களே சுடப்பட்டார்கள். அதே 1932இல், அந்தச் சூடு ஆறுவதற்குள், ஜபல் துகானில் எண்ணெய் வந்தது.

10 நவம்பர், காலை 7:05

திருத்தம். பெல்கிரேவை "அதிகாரி" என்று எழுதிவிட்டேன். தொண்டிக்காரர் ஒருவர் சரியாகப் பிடித்தார். அவர் பிரிட்டிஷ் அரசு ஊழியர் கிடையாது, ஷேக்கிடம் சம்பளம் வாங்கிய ஆலோசகர். 1957வரை இருந்தார். நீதிமன்றத்திலும் உட்கார்ந்தார். எந்த இருக்கையில் உட்கார்ந்தார் என்பதைவிட யார் பேசினால் கேட்டார் என்று பார்த்தால் வித்தியாசம் மெல்லிசுதான். ஆனாலும் திருத்தம் திருத்தம்தான்.

10 நவம்பர், இரவு 10:15

இழை கொஞ்சம் வேறு பக்கம் போகட்டும், எனக்கும் களைப்பு.

கோப்புகளில் அரபி மனுக்களைப் பார்க்கும்போது ஒரு வேடிக்கை. அரபி சரளமாக வராத எனக்கே பாதிக் கணக்கு புரிகிறது. அசல், பாக்கி, வசூல், வாய்தா, ஜாமீன் எல்லாம் அங்கிருந்து பாரசீகம், உருது, தாலுகா கச்சேரி என்று சுற்றிக்கொண்டு நம்மிடம் வந்தவை. கடலிலும் அப்படியே. முஅல்லிம்தான் நம்ம மாலுமி, சுக்கான் அப்படியே சுக்கான். ஆக நாம் கடன் வாங்கினாலும் கடலுக்குப் போனாலும் பேசுவது அரபி. வட்டி மட்டும்தான் சொந்தச் சரக்கு!

10 நவம்பர், இரவு 10:50

வட்டியும் "விருத்தி"யிலிருந்து பிராகிருதம் வழியாக வந்ததாம். புலவர் ஒருவர் முப்பத்தைந்து நிமிஷத்தில் வந்து மூக்கை உடைத்துவிட்டார். சரி, வட்டியும் இரவல். "கடன்" என்ற சொல் நம்முடையது என்கிறார். அதையாவது யாரும் பறிக்காமல் இருக்கட்டும்.

12 நவம்பர், இரவு 11:30

"மன்னார்ப் பக்கமும் பிரிட்டிஷ்காரன்தானே, அங்கே இந்தக் கடன் ரகளை ஏன் இல்லை?" நல்ல கேள்வி.

மன்னார் வளைகுடாவில் பார் (முத்துச் சிப்பி விளைகிற கடலடித் திட்டு) முழுக்க அரசாங்கத்தின் சொத்து. இலங்கையில் மரிச்சுக்கட்டியில் 1900களின் தொடக்கத்தில் குளிப்பு நடந்தபோது வெறும் மணல்வெளியில் சில வாரங்களுக்கு ஒரு பட்டணமே முளைக்கும். நம்ம கீழக்கரை, தொண்டி ஆட்கள் போவார்கள். இங்கிருந்து அரபிக் குளிகாரர்களும் போனார்கள், அதுதான் எனக்குப் பிடித்த சேதி. படகு கரைக்கு வந்ததும் சிப்பியை அரசாங்கக் கொட்டு என்கிற வேலியடைத்த இடத்துக்குக் கொண்டுபோய் மூன்றாகப் பிரிப்பார்கள். இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசுப் பங்கு அன்று ராத்திரியே ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் போகும். குளித்தவன் தன் சிப்பியை வாசலிலேயே விற்றுவிடலாம், அன்றே காசு. யாருக்கு எந்தச் சிப்பியில் முத்து என்று தெரியாது, ஆளாளுக்குச் சூதாட்டம்.

அங்கே அரசாங்கமே பெரிய முதலாளி, மூன்றில் இரண்டை நேராக எடுத்துக்கொண்டு போய்விடும். பஹ்ரைனில் கடல் எல்லா அரபிகளுக்கும் பொது. பிரிட்டிஷ் அரசுக்குப் பங்கு கேட்க வழியில்லை. அதனால் கடனில் தலையிட்டு ஒழுங்கு பண்ணியது. ஒரே துரைத்தனம், இரண்டு கரையில் இரண்டு முகம். கடன் இல்லாத சொர்க்கம் மன்னார் என்று நினைக்காதீர்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே நம்ம ஆட்கள் சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கித்தான் கிளம்புவார்கள். துரையின் கொட்டில் அது கணக்கில் ஏறாது, அவ்வளவுதான்.

13 நவம்பர், காலை 7:20

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குளித்தவர்களில் அடிமைகளும் ஏராளம். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் பலூசிஸ்தான் கரையிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள், அவர்கள் பிள்ளைகள். அவர்கள் பங்கு எஜமானன் கைக்குப் போகும். ஷார்ஜாவிலோ மஸ்கட்டிலோ புஷைரிலோ ஏஜென்சி வாசலில் போய் நின்று கதையைச் சொன்னால், விசாரித்து விடுதலைச் சீட்டு கொடுப்பார்கள். கோப்புகளில் அந்த வாக்குமூலங்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம்தான். பிறந்த ஊர், யார் பிடித்தார்கள், யாரிடம் விற்றார்கள், எத்தனை வருஷம் குளித்தேன். ராத்திரி வாசிக்காதீர்கள்.

சீட்டு வாங்கியபிறகும் கடலுக்குத் திரும்பப் போனால் நகுதா பர்வா கேட்பான். அடிமைத்தனத்திலிருந்து விடுதலை, பாக்கியிலிருந்து விடுதலை இல்லை.

13 நவம்பர், இரவு 9:45

நாகர்கோவில் அண்ணன் கோபத்தில் இருக்கிறார். "நகுதாவை வில்லனாக்காதீங்க. எங்க பக்கத்துல போட்டுக்காரனே வட்டிக்கு வாங்கித்தான் டீசல் அடிக்கிறான்."

ஒப்புக்கொள்கிறேன். நகுதாவும் கடன்காரன்தான். அவன் தவ்வாஷ் என்ற முத்து வியாபாரியிடம் வாங்குவான். அந்தக் கடனுக்காகப் பிடித்த முத்தை அவனிடமே, சந்தை விலைக்குக் கீழே, விற்க வேண்டும். தவ்வாஷ் பம்பாய்க்காரனை நம்பிக் கொடுத்திருப்பான். 1930 வாக்கில் பம்பாயில் முத்து நகராதபோது பெரிய பெரிய வீடுகளே சரிந்தன. முஹர்ரக்கில் இன்று பார்க்கிற அந்த அழகான மரக்கதவுகள் சிலவற்றுக்குப் பின்னால் திவாலான குடும்பம் இருந்தது. கடன் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும் ஏணி. துரைமார் தீர்த்துவைத்தது கீழ்ப்படியை மட்டும்தான். மேல்படிக்குப் போனால் அங்கே தங்கள் ஆட்களே நிற்கிறார்கள்.

1940இல் குவைத்காரர்கள் முத்துக் குளிப்புக்குத் தாங்களே ஒரு சட்டம் எழுதினார்கள். எழுதி முடித்தபோது குளிக்கப் போக ஆள் குறைந்துவிட்டது.

16 நவம்பர், இரவு 11:00

இழையைப் படித்துவிட்டு என் தங்கை மாமாவிடம் வாசித்துக் காட்டியிருக்கிறாள். மாமாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. காது மந்தம், அதனால் போனில் கத்தித்தான் பேசுகிறார்.

"ஏண்டா, என் கணக்கைப் போய் ஊரெல்லாம் போட்டிருக்கியாமே?"

"பேர் போடல மாமா."

"அந்த நோட்டு கடைசி பாக்கி எவ்வளவுன்னு போட்டியா?"

போடவில்லை, எனக்குத் தெரியாது என்றேன். ஆயிரத்து நூத்திச் சொச்சம் என்றார். சம்மாட்டி மவுத்தானபிறகு அவர் மகன் நோட்டோடு வீட்டுக்கு வந்தானாம். திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தானாம். பக்கத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தானாம். அவன் வாப்பா பென்சிலில் கிறுக்கியிருந்த சுருக்கெழுத்து அவனுக்கு வாசிக்க வரவில்லை. பற்று எது வரவு எது என்றே பிடிபடவில்லை.

"நீங்களே சொல்லுங்க காக்கா, எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டிருக்கிறான்.

"நீங்க என்ன சொன்னீங்க மாமா?"

"முடிஞ்சிருச்சுன்னு சொன்னேன்."